‘மா’ தெரிந்தவருக்கு ‘ரன்’ கடினமில்லை: பல பொருள் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலம் படிக்கிறவர்களை நீளமான சொற்கள் அதிகம் ஏமாற்றுவதில்லை. நீளமான சொல் வந்தால் அகராதியைத் திறப்போம், ஒரு பொருள் இருக்கும், வேலை முடிந்தது. ஏமாற்றுவது ‘ரன்’, ‘செட்’, ‘சார்ஜ்’, ‘ஃபேர்’ மாதிரியான சின்னச் சொற்கள்தான். ஐந்தாம் வகுப்பிலேயே படித்த சொல் என்ற தைரியத்தில் போவோம். அதே சொல் வங்கிக் கடிதத்திலோ காணி உறுதிப் பத்திரத்திலோ வேறு பொருளில் வந்து நிற்கும்.

எத்தனை பொருள் என்று எண்ணிப் பார்ப்பதும் வீண் வேலை. ஆக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் புதிய பதிப்புக்காக ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு 645 பொருள் கணக்கிட்டிருப்பதாக 2011இல் செய்தி வந்தது. அந்த 645ஐயும் எந்த இங்கிலாந்துக்காரரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கவில்லை. சொல்லைச் சுற்றி இருப்பதைப் பார்த்து அவர்கள் பொருளைப் பிடிக்கிறார்கள்.

அப்படிப் பிடிக்கும் முறையைத் தமிழில் எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் ‘பல பொருள் ஒரு சொல்’ பற்றி வரும் நூற்பா, அதன் பொருள் ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்’ தெளியும் என்கிறது. வினை, இனம், சார்பு என்ற இந்த மூன்றையும் உரையாசிரியர் சேனாவரையர் ‘மா’ என்ற சொல்லை வைத்து விளக்குகிறார். ‘மா பூத்தது’ என்றால் மரம், ஏனென்றால் விலங்கு பூக்காது. இது வினை. ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றாலும் மரம், பக்கத்தில் மருது நிற்கிறது. இது இனம். கவசம் போட்டு நிற்கிறவன் ‘மாவைக் கொண்டுவா’ என்றால் குதிரை. இது சார்பு. நம்மூர் அடுப்படியில் நின்று அம்மா அதையே சொன்னால், புட்டுக்கு மா எடுத்துக் கொடுப்போமே தவிரக் குதிரையைத் தேடிப் போகமாட்டோம்.

அந்தச் சேனாவரையர் உரையை 1868இல் ஆறுமுக நாவலர் பரிசோதிக்க, அச்சில் கொண்டுவந்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலமும் கற்றவர் அவர். ஆகவே இந்த மூன்று சாவிகளையும் ஆங்கிலத்துக்குப் போட்டுப் பார்ப்பதில் யாழ்ப்பாணத்தார் யாரும் கூச்சப்படத் தேவையில்லை. கீழே உள்ள படிகள் எல்லாம் அவற்றை வைத்துத்தான்.

முதல் படி: சொல்லுக்கு மேலே பொருள் எழுதாதீர்கள்

ரியூசனில் பழகிய பழக்கம் ஒன்று நமக்கு உண்டு. ஆங்கிலப் பந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலால் தமிழ்ப் பொருளை எழுதிக்கொண்டு போவது. பல பொருள் சொற்களில் பாதிப் பிழை இங்கேதான் பிறக்கிறது. ‘ஃபேர்’ என்று கண்டவுடன் ‘வெள்ளை’ என்று எழுதிவிட்டால், வசனம் முடிவதற்குள் அது ‘நியாயமான விலை’ என்று தெரிய வந்தாலும் கை அதை அழிக்காது.

எனவே சந்தேகமான சொல்லின் கீழே ஒரு கோடு மட்டும் போடுங்கள். வசனத்தை முற்றுப்புள்ளி வரை வாசியுங்கள். பொருள் பிறகு.

தமிழுக்குள் வந்து குடியேறிவிட்ட சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். அவை ஒரு பொருளோடு மட்டும் வந்து தங்கிவிட்டன. ‘கரண்ட்’ என்றால் நமக்கு மின்சாரம், அவ்வளவுதான். படிவத்தில் ‘கரண்ட் அட்ரஸ்’ என்று கேட்டால் அது இப்போது குடியிருக்கும் விலாசம். ‘கரண்ட் அக்கவுண்ட்’ நடைமுறைக் கணக்கு. குறிகாட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் படகு ஓட்டுகிறவரிடம் கேட்டால் அவருக்கு அது கடல் நீரோட்டம். மூன்றுக்கும் நடுவில் ஒரே எண்ணம் இருக்கிறது: ஓடிக்கொண்டிருப்பது. நீர் ஓடுகிறது, மின்சாரம் ஓடுகிறது, காலமும் ஓடுகிறது. இந்த மூலக்கருத்து விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டாம் படி: பெயரா, வினையா?

தமிழில் ‘படி’ என்று ஒரு சொல் இருந்தாலும், ‘படியில் ஏறினான்’, ‘படித்தான்’, ‘படிந்தது’ என்று விகுதிகள் வந்து நமக்கு வேலையைக் குறைத்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி குறைவு. அங்கே சொல் நிற்கும் இடம்தான் விகுதி.

முன்னால் ‘எ’, ‘த’, ‘மை’, ‘திஸ்’ போன்றவை நின்றால் பெரும்பாலும் பெயர். ‘டு’, ‘வில்’, ‘கேன்’, ‘மஸ்ட்’ நின்றால் வினை. ‘எ புக்’ என்றால் புத்தகம், ‘டு புக்’ என்றால் முன்கூட்டிப் பதிவு செய்வது. நாம் இதை ஏற்கனவே வாயால் செய்துகொண்டுதான் இருக்கிறோம்: நயினாதீவுக்குப் போக வான் ‘புக் பண்ணுகிறோம்’. அந்தப் ‘பண்ணு’ வந்த இடத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வினை. ஒரு சொல்லின் பின்னால் மனதுக்குள் ‘பண்ணு’ சேர்த்துப் பார்ப்பது நல்ல குறுக்குவழி. ‘வாட்டர் த பிளாண்ட்ஸ்’ என்பதில் ‘வாட்டர்’ தண்ணீர் அல்ல, தண்ணீர் விடுவது.

சில சொற்களில் பெயருக்கும் வினைக்கும் உச்சரிப்பே மாறும். ‘ரெக்கார்ட்’, ‘ப்ரெசென்ட்’, ‘ஆப்ஜெக்ட்’ போன்றவை பெயராக வந்தால் முதல் அசையில் அழுத்தம், வினையாக வந்தால் இரண்டாம் அசையில். வேறு சிலவற்றில் எழுத்து ஒன்று, ஒலி இரண்டு: எல், ஈ, ஏ, டி என்று எழுதியதை ‘லீட்’ என்று வாசித்தால் வழிநடத்து, ‘லெட்’ என்று வாசித்தால் ஈயம். எம், ஐ, என், யு, டி, ஈ என்பது ‘மினிட்’ ஆனால் நிமிடம், ‘மைனியூட்’ ஆனால் மிக நுண்ணிய. சனசமூக நிலையத்தில் செயலாளர் வாசிக்கும் ‘மினிட்ஸ்’ கூட்ட அறிக்கை. சில கூட்டங்களில் அதற்கும் நிமிடத்துக்கும் தொடர்பே இராது, மணிக்கணக்கில் போகும்.

மூன்றாம் படி: யார், எதைச் செய்கிறார்? (வினை)

வசனத்தின் எழுவாயைப் பிடியுங்கள். ‘சார்ஜ்’ இதற்கு மிகப் பொருத்தமான சொல். கடைக்காரர் ‘சார்ஜ்’ செய்தால் பணம் அறவிடுகிறார். பொலிஸ் ‘சார்ஜ்’ செய்தால் குற்றம் சாட்டுகிறது. நாம் போனை ‘சார்ஜ்’ செய்தால் மின்னேற்றுகிறோம். நாம்பன் மாடு ‘சார்ஜ்’ செய்தால் வேலிக்கு மேலால் பாய வேண்டியதுதான். ‘இன் சார்ஜ்’ என்றால் பொறுப்பில் இருப்பவர்.

ஐந்தும் ஐந்து திசையில் போவது போலத் தெரிகிறது. ஆனால் இந்தச் சொல் பிறந்தது வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த இலத்தீன் சொல்லில் இருந்து. பாரம் ஏற்றுதல் என்று வைத்துக்கொண்டு திரும்பப் பாருங்கள். குற்றத்தைச் சுமத்துகிறோம், பொறுப்பைச் சுமத்துகிறோம், கட்டணத்தைத் தலையில் கட்டுகிறோம், மின்கலத்தில் மின்சாரத்தை ஏற்றுகிறோம். தமிழிலும் அதே வினைகள்தான். மாடு பாய்வது மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கிறது, அதைத் தனியாக நினைவில் வைக்கலாம்.

‘ரன்’னும் இதே கதை. ஓடு என்ற மூலக்கருத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி தூரம் தமிழே கூட்டிப்போகும். மூக்கு ஓடுகிறது, படம் நல்லாய் ஓடுகிறது, யாவாரம் ஓடுகிறது, பஸ் ஓடுகிறது: எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலும் ‘ரன்’ சொல்லலாம். மிச்சத்துக்கு எழுவாயையும் செயப்படுபொருளையும் பார்க்க வேண்டும். ஒருவர் கடையை ‘ரன்’ செய்தால் நடத்துகிறார். தேர்தலுக்கு ‘ரன்’ செய்தால் போட்டியிடுகிறார், இது அமெரிக்கர் வழக்கு, பிரித்தானியர் ‘ஸ்டாண்ட்’ என்பார்கள். கிரிக்கெட்டில் அது ஓட்டம். 2022இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு ‘ரன் அவுட் ஆஃப் காஸ்’ என்பதை விளக்கத் தேவையில்லை: தீர்ந்துபோதல். கிரிக்கெட்டில் வரும் ‘ரன் அவுட்’ வேறு. அதன் பின்னால் ‘ஆஃப்’ வராது.

நான்காம் படி: பக்கத்தில் யார் நிற்கிறார்? (இனம்)

எழுவாய் உதவாத இடத்தில் கூட நிற்கும் சொற்கள் உதவும். ‘இன்ட்ரெஸ்ட்’ பக்கத்தில் ‘ரேட்’, ‘பர்சென்ட்’ நின்றால் வட்டி. பின்னால் ‘இன்’ என்ற சிறு சொல் வந்து ‘மியூசிக்’ போல எதையாவது காட்டினால் ஆர்வம். ‘பப்ளிக்’ முன்னால் வந்தால் பொதுநலன்.

வங்கிக் கடிதம் ஒன்றை எடுத்து இப்படிப் பார்ப்பது நல்ல பயிற்சி. ‘பாலன்ஸ்’ மீதி, சமநிலை அல்ல. ‘மெச்சுரிட்டி’ நிலையான வைப்பு முதிரும் நாள், மனப்பக்குவம் அல்ல. ‘ப்ரின்சிபல்’ பள்ளிக்கூட அதிபர் அல்ல, கடனின் முதல். ‘ஸ்டேட்மெண்ட்’ கணக்குக் கூற்று. இதே ‘ஸ்டேட்மெண்ட்’ பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் தடுமாற்றம், ஒன்றாகப் பார்த்தால் எல்லாம் பணத்தைப் பற்றிய கூட்டம் என்று உடனே விளங்கும்.

ஐந்தாம் படி: எந்தத் தாளில் இருக்கிறது? (சார்பு)

ஒரே சொல் எந்தத் தாளில் கிடக்கிறது என்பதே சில வேளை முழு விடையும். இதற்கு யாழ்ப்பாண வீடுகளில் கிடக்கும் ஆங்கில உறுதியை விட நல்ல பாடம் இல்லை. அலுமாரியின் அடித்தட்டில் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருப்போம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ‘படம் பிடித்து அனுப்புங்கோ’ என்று கேட்கும்போதுதான் பலர் அதை முதல்முறை வாசிக்கிறார்கள்.

முதல் சொல்லிலேயே பிடி விழுகிறது. ‘டீட்’ என்றால் கதைப் புத்தகத்தில் செயல், இங்கே உறுதி. ‘டீட் ஆஃப் கிஃப்ட்’ பிறந்தநாள் பரிசு சம்பந்தப்பட்டதல்ல, நன்கொடை உறுதி. தொடக்கத்தில் ‘நோ ஆல் மென் பை தீஸ் ப்ரெசென்ட்ஸ்’ என்று ஒரு வரி வரும். ‘இந்தப் பரிசுகளால் எல்லா ஆண்களும் அறிக’ என்று மொழிபெயர்த்தால் உறுதி எழுதும் நொத்தாரிசு சிரிப்பார். ‘ப்ரெசென்ட்ஸ்’ இங்கே இந்த ஆவணம், ‘மென்’ எல்லோரும். அதாவது, இந்த உறுதியால் யாவரும் அறியத்தக்கது.

பிறகு ‘கன்சிடரேஷன்’. பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அது யோசித்தல், பரிவு. உறுதியில் அது கைமாறாகக் கொடுக்கும் பெறுமதி, சாதாரண விற்பனையில் காணியின் விலை. அந்த வரியில் உள்ள ரூபாய்த் தொகையைப் பார்த்தாலே போதும். ‘டைட்டில்’ தலைப்பு அல்ல, உரித்து. ‘பிளான்’ திட்டம் அல்ல, நில அளவையாளர் வரைந்த படம். ‘லொட்’ நிறைய என்ற பொருளில் வராது, அந்தப் படத்தில் இலக்கமிட்ட துண்டு. ‘பார்ட்டி’ விருந்தும் அல்ல, கட்சியும் அல்ல, ஒரு தரப்பு. ‘எக்ஸிகியூட்’ என்ற சொல்லைக் கண்டு யாரும் பதறத் தேவையில்லை. உறுதியை எழுதிக் கையொப்பமிட்டு முடித்தலை அப்படிச் சொல்வார்கள். தூக்கிலிடுதல் வேறு தாளில் வரும். கடைசியில் ‘செட் மை ஹேண்ட்’ என்று இருக்கும்: கையெழுத்து வைத்தேன். நாமும் ‘கை வைத்தேன்’ என்ற மாதிரித்தான் கைநாட்டைச் சொல்கிறோம்.

சட்டச் சொற்களில் ஒரு எச்சரிக்கை: விளங்கிக்கொள்வதற்குத்தான் இந்த வழி. காணி வாங்குவது விற்பது என்று வந்தால் நொத்தாரிசிடமோ சட்டத்தரணியிடமோ வாசிப்பித்துக் கேளுங்கள்.

ஆறாம் படி: ஒரு சொல்லா, ஒரே உடுப்புப் போட்ட இரண்டு சொல்லா?

மூலக்கருத்தைத் தேடுவது நல்ல பழக்கம் என்றேன். ஆனால் எல்லாச் சொல்லிலும் தேடினால் தலையிடிதான் மிஞ்சும். வங்கி என்ற ‘பாங்க்’ இத்தாலிய மொழியில் பணம் மாற்றுவோர் இருந்த வாங்கில் இருந்து வந்தது. ஆற்றங்கரை என்ற ‘பாங்க்’ வட ஐரோப்பாவின் ஸ்காண்டிநேவிய மொழி வழியாக வந்தது. வெகு பழங்காலத்தில் இரண்டுக்கும் ஒரே ஜெர்மானிய வேர் உண்டு என்றாலும், ஆங்கிலத்துக்கு வந்த வழி வேறு வேறு. வௌவாலுக்கும் கிரிக்கெட் மட்டைக்கும் ஆன ‘பாட்’, தீக்குச்சிக்கும் போட்டிக்கும் ஆன ‘மாட்ச்’ எல்லாம் இப்படித்தான். இவற்றைத் தனித்தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும்.

‘ஸ்பிரிங்’ மறுபக்கம். கீரிமலையில் கடலோரத்தில் ஊறும் நன்னீர் ஊற்று, மெத்தைக்குள் இருக்கும் சுருள், நமக்கு வாய்க்காத இளவேனில், துள்ளிப் பாய்தல் எல்லாம் ஒரே சொல். நீர் மண்ணுக்குள் இருந்து துள்ளி எழுகிறது, சுருள் அமுக்கினால் துள்ளுகிறது, குளிர் முடிய இலைகள் துளிர்த்து எழுகின்றன.

இரண்டும் கலந்த சொல் வேண்டுமென்றால் நம் காணிக் கணக்கிலேயே இருக்கிறது: ‘பேர்ச்’. 160 பேர்ச் ஒரு ஏக்கர், நம்மூர்ப் பரப்பு ஒன்றுக்கு 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர். பறவை குந்தியிருக்கும் கொம்பும் ‘பேர்ச்’தான். இரண்டுக்கும் மூலம் நீண்ட கோல். கோலால் நிலம் அளந்தார்கள், கோலில் பறவை இருந்தது. ஆனால் ‘பேர்ச்’ என்ற மீனுக்கும் இந்தக் கோலுக்கும் ஒரு உறவும் இல்லை, அது கிரேக்க மொழியில் இருந்து வந்த வேறு சொல்.

எது எது என்று எப்படித் தெரியும்? சொற்பிறப்பும் தரும் பெரிய அகராதிகள் பல, வேறு வேறு பிறப்புள்ள சொற்களைத் தனித்தனிப் பதிவாகப் போட்டு, தலைச்சொல்லின் மேல் மூலையில் சிறிய இலக்கம் இடும். ஒரே பிறப்பென்றால் பெரும்பாலும் ஒரே பதிவுக்குள் 1, 2, 3 என்று பொருள்கள் வரும்.

ஏழாம் படி: வாலைப் பிரிக்காதீர்கள்

‘லுக்’ பார், ‘ஆஃப்டர்’ பிறகு. ‘லுக் ஆஃப்டர்’ பிறகு பார் அல்ல, பராமரி. ‘புட் ஆஃப்’ ஒத்திப்போடு, ‘புட் அவுட்’ அணை, ‘புட் அப் வித்’ பொறுத்துக்கொள். வினைக்குப் பின்னால் வால் போல ஒரு சிறு சொல் வந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக அகராதியில் தேடுங்கள். தமிழில் ‘கைவிடு’ என்பதைக் கையையும் விடுவதையும் பிரித்துப் பார்த்தா விளங்கிக்கொள்கிறோம்?

எட்டாம் படி: அகராதியும் கொப்பியும்

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில் பல, ஐந்தாறு தமிழ்ச் சொல்லைக் காற்புள்ளி போட்டு வரிசையாக அடுக்கிவிட்டுப் போய்விடும். எந்தப் பொருள் எந்த இடத்தில் என்று சொல்லாது. ஓரளவு ஆங்கிலம் வந்தவர்கள் கற்போருக்கான ஆங்கிலம்–ஆங்கில அகராதிக்கு மாறுவது நல்லது என்பது என் எண்ணம். அதில் எளிய விளக்கமும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வசனமும் இருக்கும், அதிகம் வழங்கும் பொருள் முன்னால் வரும். பெரிய ஆக்ஸ்போர்ட் அகராதி அப்படி அல்ல, அது பழைய பொருளை முதலில் போடும். முதல் இலக்கத்தை எடுத்துக்கொண்டு ஓடினால் பல நூற்றாண்டுக்கு முந்திய பொருளோடு வந்து நிற்பீர்கள்.

கொப்பியில் எழுதும்போது சொல்லையும் பொருளையும் மட்டும் எழுத வேண்டாம். நீங்கள் கண்ட வசனத்தை முழுதாக எழுதி, எங்கே கண்டது என்று ஒரு சொல் குறியுங்கள்: ‘பாங்க் கடிதம்’, ‘பத்திரிகை’, ‘உறுதி’. ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் விட்டு வையுங்கள். அடுத்த பொருள் எதிர்ப்படும்போது அதே பக்கத்தில் சேர்த்தால் மூலக்கருத்து தானாகத் தெரியத் தொடங்கும். எல்லாப் பொருளையும் ஒரே நாளில் நிரப்ப வெளிக்கிட்டால் இரண்டாம் கிழமை கொப்பியே காணாமல் போய்விடும்.

கைப்பயிற்சி

மூன்று வசனங்கள். முதலில் நீங்களே கோடு போட்டுப் பாருங்கள்.

‘த வெல் ரேன் ட்ரை இன் ஆகஸ்ட்.’ ‘வெல்’லுக்கு முன்னால் ‘த’ இருக்கிறது, ஆகவே பெயர்: கிணறு. ‘ரன்’னின் இறந்தகாலமான ‘ரேன்’ பக்கத்தில் ‘ட்ரை’ நிற்கிறது, ஆகவே ஓடவில்லை, அந்த நிலைக்கு வந்தது. ஆவணி வெயிலில் கிணறு வற்றிப்போனது.

‘த பாங்க் வில் நாட் சார்ஜ் இன்ட்ரெஸ்ட் இஃப் யூ செட்டில் த பாலன்ஸ் திஸ் மந்த்.’ எழுவாய் வங்கி, ஆகவே ‘சார்ஜ்’ அறவிடு, ‘இன்ட்ரெஸ்ட்’ வட்டி. ‘செட்டில்’ குடியேறு என்றும் வரும், ஆனால் செயப்படுபொருள் ‘பாலன்ஸ்’ என்பதால் கட்டி முடி. மீதியை இந்த மாதம் கட்டி முடித்தால் வங்கி வட்டி அறவிடாது.

‘ஹீ டைட் வித்தவுட் இஷ்யூ.’ பழைய மரணசாசனத்தில் கண்ட வசனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் நாம் சொல்லும் ‘இஷ்யூ’ பிரச்சினை, கடவுச்சீட்டில் வருவது வழங்கிய திகதி, சஞ்சிகையில் வருவது இதழ். இங்கே மூன்றும் பொருந்தாது. தாள் சொத்துரிமை பற்றியது, அதுதான் சார்பு. சொல்லுக்கு முன்னால் ‘அன்’ இல்லை, பின்னால் ‘எஸ்’ஸும் இல்லை. பிரச்சினையோ இதழோ என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று வந்திருக்கும். அவர் பிள்ளைகள் இல்லாமல் இறந்தார் என்பதே பொருள். காணி யாருக்குப் போகும் என்ற பந்தி அடுத்ததாக வரும்.